ஒரு தோள்வலியும் நான் விழுங்கிய வாக்கியமும்

உங்களில் சிலர் என்னை ‘மெஷின் மேடம்’ என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுகிறீர்கள். ஆனால் நம் கிளினிக்கின் திரைச்சீலைகள் அவ்வளவு தடிமன் கிடையாது. அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, உள்ளூரப் பெருமைகூட இருந்தது. துபாயில் நம் தேரா கிளைக்கு ஷாக்வேவ் மெஷின் வந்து இறங்கிய அன்று அட்டைப்பெட்டியைப் பிரித்தவள் நான். உங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் உங்களுக்கும் அதைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளும் நான். அதனால்தான் போன மாதம் நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு, தோள்வலிக்கு அந்த மெஷினைப் பயன்படுத்திய அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் மேடம் என்று எழுதிக் கேட்டீர்கள்.

எவ்வளவு அழுத்தம், எத்தனை அடி, எத்தனை நாள் இடைவெளி என்பதெல்லாம் கம்பெனிக்காரர்களின் கையேட்டில் இருக்கிறது. நான் எழுதப்போவது ஒரே ஒரு நோயாளியைப் பற்றி. படித்து முடிக்கும்போது என்மேல் நீங்கள் வைத்திருக்கும் மதிப்பு குறையும். குறைய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்பு நடந்தது. அவர் கீழக்கரைக்காரர், ஐம்பத்துநாலு வயது. நம் கிளினிக்கிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு துணிக்கடையில் முப்பது வருடமாக விற்பனையாளர். பெயரை எழுத வேண்டாம் என்று அவர் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். கடையில் எல்லோரும் அவரைக் ‘காக்கா’ என்று கூப்பிடுவார்கள். அவர்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். திருச்சியிலிருந்து வந்த எனக்கு முதலில் அது வாயில் வரவில்லை. இரண்டாவது முறை வந்தபோது நானும் காக்கா என்றே கூப்பிட்டேன்.

இடது தோளில் வலி. துணிச் சுருளை மேல் அலமாரியில் வைக்கக் கையைத் தூக்கினால் உயிர் போகிறது என்றார். எக்ஸ்ரேயில் தோளின் தசைநாரில் சுண்ணாம்புக் கட்டி ஒன்று அரிசிமணி அளவில் பளிச்சென்று தெரிந்தது. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, கட்டியை அதிர்வலையால் அடித்துக் கரைக்க ஷாக்வேவ் எழுதி என்னிடம் அனுப்பினார். வாரம் ஒரு முறை, ஐந்து முறை.

சட்டையைக் கழற்றச் சொன்னதும் அவர் கூசிப்போனார். முழுக்கக் கழற்றாமல் இடது கையை மட்டும் வெளியே எடுத்து, மீதிச் சட்டையை மார்பின் குறுக்கே இழுத்துப் பிடித்துக்கொண்டார். பேசும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுவார். என்னை டாக்டரம்மா என்பார். நான் பிசியோதெரபிஸ்ட், டாக்டர் இல்லை என்று ஒருமுறையும் நான் திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

இரண்டு முறை செய்ததும் நல்ல பலன் தெரிந்தது. கை தோள் உயரத்துக்கு மேல் போயிற்று. “நேத்து ஃபேன் சுவிட்ச நானே போட்டேம்மா” என்று சுவரைப் பார்த்துச் சிரித்தார். சுண்ணாம்பு இருந்தது உண்மை, ஷாக்வேவ் அதற்குப் பொருத்தமான சிகிச்சை என்பதும் உண்மை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஒரே தோளில் இரண்டு வலிகள் குடியிருக்கலாம் என்பதை மட்டும் நான் மறந்துபோனேன். எக்ஸ்ரேயில் ஒரு விடை பளிச்சென்று கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு நாம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

மூன்றாவது முறை வந்தபோது, வலி இடையிடையே வருகிறது என்றார். “அடிச்ச பிறகு ரெண்டு நாள் வலி கூடத்தான் செய்யும் காக்கா, அப்புறம் குறையும்” என்றேன். உங்கள் எல்லோருக்கும் நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. உண்மையான வாக்கியம்தான். ஆனால் நோயாளி என்ன சொன்னாலும் பதிலாகப் பொருந்திவிடக்கூடிய வாக்கியம். அந்த மாதிரி வாக்கியங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நான்காவது முறை அவர் வந்த நாளில் நம் கிளையைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். அபுதாபியிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் கிளைகளுக்கு இதே மெஷினை வாங்கலாமா என்று பார்க்க நான்கு பேர். அதில் ஒருவர் எகிப்துக்காரர், மூத்த எலும்பு டாக்டர். மேனேஜர் காலையிலேயே என்னிடம் வந்து, “நல்லா ரிசல்ட் வந்த பேஷன்ட்டா பாத்துக் காட்டுங்க” என்று சொல்லியிருந்தார். நான் காக்காவைத் தேர்ந்தெடுத்தேன். பார்க்க ஆள் இருப்பார்கள், பரவாயில்லையா என்று அவரிடம் கேட்டேன். கேட்ட விதத்தில் மறுக்க இடமில்லை. “உங்களுக்கு நல்லதுன்னா சரிம்மா” என்றார்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான்கு பேரும் கால்மாட்டில் நின்றார்கள். நான் தோளில் ஜெல் தடவிக்கொண்டு, எக்ஸ்ரேயைக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் தாழ்ந்த குரலில் பேசினார்.

“டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க காக்கா.”

“கடையில மேல குடோனுக்குப் படி ஏறுறப்ப இந்தத் தோளு வலிக்குது. பாதிப் படியில நின்னுட்டா போயிருது. திரும்ப ஏறுனா திரும்ப வருது.”

“துணிக்கட்டத் தூக்கிட்டு ஏறுவீங்க, அதான்.”

“இல்லம்மா. வெறுங்கையா ஏறுனாலும் வருது. தாட வரைக்கும் ஒரு மாதிரி இழுக்குது.”

நீங்கள் யாரும் அவசரப்பட்டு எனக்காகச் சாக்கு சொல்ல வேண்டாம். இதைப் படிக்கும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும். கையை அசைக்காமல் படி ஏறினால் வலி வருகிறது, நின்றால் போகிறது, தாடைக்கு இழுக்கிறது, அதுவும் இடது பக்கம், அதுவும் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு. இதயத்திலிருந்து வரும் வலி, கல்லூரி இரண்டாம் வருடத்தில் படிப்பது. எனக்கும் புரிந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் இத்தனை வருடமும் ஆசைப்பட்டேன், ஆனால் எனக்குப் புரிந்தது. என் கை அவர் தோளில் ஒரு கணம் நின்றதே, அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எகிப்து டாக்டர் அதைக் கவனித்தார். நோயாளி என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கட்டிலில் இருந்தார். இன்னொருத்தி நான்.

“ஓய்வாக இருந்தால் வலி போய்விடுகிறதாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “நல்ல முன்னேற்றம்.”

படியை விழுங்கினேன், தாடையை விழுங்கினேன். நான் சொன்னதில் பொய்யென்று காட்டக்கூடிய ஒரு வார்த்தைகூட இல்லை. டாக்டர் தலையை ஆட்டினார். முழு வாக்கியத்தையும் சொல்லியிருந்தால் அவர் அதே நொடியில் மெஷினை நிறுத்தச் சொல்லியிருப்பார். பத்து நிமிடத்தில் இசிஜி எடுத்திருப்பார்கள். என் டெமான்ஸ்ட்ரேஷன் பாதியில் நின்றிருக்கும். நான் பயந்தது அதற்குத்தான். ஒரு மனிதனின் இதயத்தை ஒரு பக்கமும் அரைமணி நேர விளக்கக் காட்சியை இன்னொரு பக்கமும் வைத்து நான் யோசித்துப் பார்க்கவெல்லாம் இல்லை. யோசிக்காமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவரிடம் தமிழில் என்ன சொன்னேன் தெரியுமா? “இது முடியட்டும் காக்கா, அடுத்த வாரம் அதப் பாப்போம்.”

“சரிம்மா. நீங்க சொன்னா சரி.”

மெஷினைத் தோளில் வைத்து அழுத்தினேன். வழக்கமான டக் டக் சத்தம். நான்கு பேரும் குறிப்பு எடுத்தார்கள். கடைசியில் அவர் கையைத் தூக்கிக் காட்டினார், அவர்கள் கைதட்டினார்கள். ‘வலி குறைந்துள்ளது, தொடரவும்’ என்று ஃபைலில் எழுதினேன். மத்தியானம் அவருக்கு போன் செய்து உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மத்தியானம் மேனேஜர் எங்கள் எல்லோரையும் சாப்பிட அழைத்துப் போனார். பெரிய தட்டில் மந்தி, அந்த அரபு இறைச்சிச் சோறு, வந்தது. என்னைப் பாராட்டிப் பேசினார்கள். திரும்பி வந்தபோது மூன்று நோயாளிகள் காத்திருந்தார்கள். அன்று போன் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. மறுநாள் செய்யாததற்கு என்னிடம் மந்தியும் இல்லை, விருந்தாளிகளும் இல்லை, எந்தக் காரணமும் இல்லை. நேற்று ஏன் செய்யவில்லை என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் மட்டும்தான்.

மூன்றாம் நாள் காலை அவருடைய மச்சினர் வந்தார், மனைவியின் தம்பி. அதே கடையில் வேலை பார்ப்பவர். ஐந்தாவது அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் செய்ய வந்திருந்தார்.

“மச்சானுக்கு ஹார்ட் அட்டாக் மேடம். குடோன் படியிலயே உக்காந்துட்டாக. வேர்த்து ஊத்துது, பேச்சு வரல. முதலாளியே யல்லா யல்லா, சீக்கிரம் சீக்கிரம்னு வண்டிய எடுத்தாரு.” அவர் கண் சிவந்திருந்தது. “உயிருக்கு ஒண்ணுமில்லங்குறாங்க. ஆனா லேட்டா வந்துட்டீங்களேன்னு கேக்குறாங்க. முன்னாடி வலி கிலி ஏதாச்சும் இருந்துச்சான்னு கேக்குறாங்க. எங்களுக்கு என்ன தெரியும்? அவுக யாருகிட்டயும் எதையும் சொல்ல மாட்டாகளே.”

என்னிடம் சொன்னார். முப்பது வருடமாக யாரிடமும் எதையும் சொல்லாதவர், வெட்கத்தை விட்டு, நான்கு அந்நியர்களுக்கு முன்னால், பாதிச் சட்டையோடு உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் மெடிக்கல் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். அப்போது இருந்தவர் ஒரு மலையாளி டாக்டர், உங்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. மருத்துவமனையிலிருந்து நம் ரிப்போர்ட்டைக் கேட்டிருந்தார்கள். ஃபைலை மேஜையில் விரித்து வைத்திருந்தார்.

“எல்லாம் கரெக்டா இருக்கு” என்றார். “இதத் தவிர வேற ஏதாவது கம்ப்ளைன்ட் சொன்னாரா? மூச்சு வாங்குது, நெஞ்சு அடைக்குது, அந்த மாதிரி?”

“இல்ல சார்” என்றேன். “ஒண்ணும் சொல்லல.”

அவர் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. என்னை நம்பினார். “அச்சா, பின்ன நம்ம பக்கம் ஒண்ணுமில்ல” என்று ஃபைலை மூடினார். சிகிச்சை அறையில் சொன்னதில் பாதி உண்மையாவது இருந்தது. இது முழுப் பொய்.

ஐந்து நாள் கழித்து அவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வருமோ என்ற கணக்கும் அதில் இருந்தது. ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, இனி பழையபடி வராது என்று நர்ஸ் என்னிடம் சொன்னார். காக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். போர்வையை மார்புக்கு இழுத்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்கங்க டாக்டரம்மா” என்றார். “நான்தான் ஒங்ககிட்ட சரியா சொல்லல. அன்னிக்கு அத்தன பேரு நின்னாக, கூச்சத்துல பாதி வாய்க்குள்ளயே சொல்லிட்டேன். ஒங்களுக்குக் காதுல விழுந்திருக்காது. என்னால ஒங்களுக்கு ஏதும் கெட்ட பேரு வந்துச்சா?”

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு வாழ்நாளில் கிடைத்திருக்காது. நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். மருத்துவமனைக்காரர்கள் கேட்டபோதுகூட, யாரிடமும் சொல்லவில்லை என்றே சொல்லியிருக்கிறார்.

“பரவாயில்ல காக்கா” என்றேன். “அதெல்லாம் ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.”

நன்றாகப் பாருங்கள். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அவரை மன்னித்தேன்.

இரண்டு மாதத்தில் விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். நான் இங்கேயே இருந்தேன். சீனியர் ஆனேன். தோள்வலி என்று யார் வந்தாலும், ‘படி ஏறும்போது வலிக்கிறதா? கையை ஆட்டாமல் வேகமாக நடந்தால் வலிக்கிறதா?’ என்று கேட்க வைத்தேன். நம் படிவத்தில் அதை அச்சடிக்கவும் வைத்தேன். மேடத்துக்குப் படிக்கட்டுப் பைத்தியம் என்று நீங்கள் சிரித்ததுண்டு. இதை எங்கே கற்றீர்கள் என்று உங்களில் ஒருத்தி கேட்டபோது, ஒரு பயிற்சி வகுப்பில் என்று சொன்னேன். அதுவும் பொய்.

போன வருடம், கேள்வி கேட்ட அதே பெண்ணிடம், ஸ்கூல் பஸ் டிரைவர் ஒருவர் தோள்வலியோடு வந்தார். படிவத்தில் இருந்த கேள்வியை அவள் கேட்டாள். அவர் சொன்ன பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. மெஷினைத் தொடாமல் அவரை வீல்சேரில் உட்கார வைத்து நேரே கார்டியாலஜிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை. அன்று மாலையே அவருக்கு அடைப்பைச் சரிசெய்தார்கள். மறு வாரம் கிளினிக்கில் கேக் வெட்டினார்கள். அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது மேடம்தான் என்று சொல்லி என் கையில் கத்தியைக் கொடுத்தார்கள். அவள்தான் முதலில் கைதட்டினாள். கேக்கை வாயில் வாங்கிக்கொண்டேன். பாத்ரூமில் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

அடுத்து லீவில் ஊருக்குப் போனபோது, மச்சினரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு திருச்சியிலிருந்து கீழக்கரைக்கு பஸ் ஏறினேன். அவர் முன்னறையில் நாற்காலியில் இருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னைக் கண்டதும் வீட்டையே கூப்பிட்டார். “எங்க டாக்டரம்மா வந்துருக்காக!” மனைவி வந்தார், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவருகே நின்றார். நான் உட்காருவதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டேன். உட்கார்ந்து டீ குடித்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது, புரிந்தது, மறைத்தேன், பிறகு பொய்யும் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் எதிரே இருந்த நாற்காலியைக் கையால் காட்டினார். “எல்லாம் அல்லாவோட நாட்டம்மா” என்றார். “விடுங்க. நீங்க இம்புட்டுத் தூரம் வந்ததே போதும். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க.” மனைவியிடம் திரும்பி, “சோறு போட்டு அனுப்பு” என்றார்.

மனைவி என்னை உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்து, மீன் குழம்பு ஊற்றினார். எதிரே உட்கார்ந்தார். நான் ஒரு வாய் வைப்பதற்குள் கேட்டார்.

“அன்னிக்கு நீங்க அந்த டாக்டருகிட்ட சொல்லிருந்தா?”

“அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாங்க.”

“இப்புடி ஆயிருக்காதா?”

“ஆயிருக்கவே ஆயிருக்காதுன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா இந்த அளவுக்கு ஆயிருக்காது.”

அவர் குழம்புச் சட்டியை மூடி வைத்தார். “முப்பது வருசம் அங்கன இருந்தாக” என்றார். “ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு மாசம் வருவாக. கடைசியில மொத்தமா வந்தாக. வந்து, இந்தத் தெரு முனை வரைக்கும் எங்கூட நடக்க முடியல அவுகளால.”

என் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் கேட்டார்.

“இது அங்கன வேற யாருக்காச்சும் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்பறம் எதுக்கு இவுககிட்ட வந்து சொன்னீக? இவுக மன்னிக்கத்தான் செய்வாக. யாரையும் இவுக அப்புடித்தான். அது தெரிஞ்சுதானே வந்தீக?” குரலை அவர் உயர்த்தவில்லை. முன்னறையில் கணவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்ற கவனம் அதில் இருந்தது. “அங்கன ஒங்கள பெரிய ஆளா நெனச்சுக்கிட்டு, ஒங்ககிட்ட தொழில் படிச்ச புள்ளைக இருக்கும்ல? அதுககிட்ட போய்ச் சொல்லுங்க. அதுக என்ன சொல்லுதுகன்னு கேளுங்க.”

அவர் சொன்னது சரி. மன்னிப்பு நிச்சயம் கிடைக்கும் வீடாகப் பார்த்துத்தான் நான் போயிருந்தேன்.

தட்டில் போட்டதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எதிரிலேயே இருந்தார். வாசல்வரை வந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

துபாய்க்குத் திரும்பி இப்போதைய டைரக்டரிடம் சொன்னேன். பழைய ஃபைலை எடுக்கச் சொல்லி, நடந்ததை என் கையெழுத்தில் எழுதி, எழுதிய நாளின் தேதி போட்டு இணைக்கச் சொன்னார், செய்தேன். அதன் பிறகு, ரிடையர் ஆகப்போகிற நேரத்தில் ஸ்டாஃபிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா, கலாஸ், முடிந்துபோனது, விட்டுவிடுங்களேன் என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். விட்டுவிடவும் செய்தேன். சொல்லாமலேயே கடைசி நாள்வரை வேலை பார்த்தேன். நீங்கள் போட்ட மாலையை வாங்கிக்கொண்டேன், ஷார்ஜா வீட்டுக்கு வந்து ஒரு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எழுதிக் கேட்டிருக்காவிட்டால் இன்னமும் உட்கார்ந்திருப்பேன்.

உங்களிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலருக்கு அந்த அறையில் உங்கள் ஒருவருடைய மொழி மட்டும்தான் புரியும். அவர்கள் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். கேட்டதை முழுசாகச் சொல்லுங்கள். கால்மாட்டில் யார் நின்றாலும் சரி. இதற்கு மேல் புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. கோபம் வந்தால் கோபமாகவே எழுதுங்கள். பேசப் பிடிக்காவிட்டால் பேசாமல் இருங்கள், புரிந்துகொள்வேன். ஆறுதல் மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கீழக்கரையில் ஒரு அம்மா என்னை அனுப்பியது அதற்காக இல்லை.